ஐந்து பெட்டிகளில் ஒரு மலர்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இன்று செங்கற்சூளை ஒன்றையும் காண இயலாது. பூக்கடைகளும் புடைவைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த அத்தெருக்களில் நடப்போர், அவ்வூர்ப் பெயரின் முற்பாதி செங்கல்லைக் குறிப்பது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரை முதலில் தீ விழுங்கியது; எஞ்சியதை அவ்வாண்டிலேயே வெள்ளம் அடித்துச் சென்றது. மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த சிற்றூர் அது. இனிக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலுமே எழ வேண்டும் எனச் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். அச்செங்கல்லை அறுத்துச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பின்னர் இரயில்வேப் பணிக்கு வந்த தமிழர் அங்குக் குடியேறினர்.

அவ்வட்டாரத்தின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், துணி உலர்த்தும் கொடிக்கு அடுத்த சிற்றறையில், அகராதி ஒன்றின் பருமனே உடைய ஐந்து கணினிப் பெட்டிகள் ஒரு பலகையின்மேல் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்குத் திரை இல்லை; விசைப்பலகையும் இல்லை. பச்சை விளக்குகள் மட்டும் இரவும் பகலும் இமைத்துக்கொண்டிருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளிகள் பல்லாண்டுகளாக வெளியிட்ட ஆண்டு மலர்களின் படங்கள் அவற்றுள் உள்ளன. அம்மலர்களைத் தேடித் திரட்டியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். கணினியில் ஏற்றிக் காத்து வருபவர் அவரிடம் ஆறாம் வகுப்பில் பயின்ற மாணவர்.

பள்ளி மலர் என்பது எத்தகைய நூல் என்பதை ஆசிரியர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. முந்நூறோ நானூறோ படிகள் அச்சாகும். பரிசளிப்பு விழா நாளில் சிறப்பு விருந்தினர்க்கும் பெற்றோர்க்கும் பகிர்ந்தளிக்கப்படும். எஞ்சிய சில படிகள் தலைமையாசிரியர் அறை அலமாரியில் அடுக்கப்படும். தோட்டம் துண்டாடப்பட்டுப் பள்ளி இடம் பெயர்ந்தால் அலமாரியும் இடம் பெயரும். அல்லது பெயராமலே போய்விடும். நாளிதழ்களுக்கு நூலகங்கள் உண்டு. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேச’னின் பழைய இதழ்களை நாடுவோர் எங்கேனும் ஒரு நூலகத்தின் கதவைத் தட்டலாம். ஒரு தோட்டப் பள்ளியின் மலருக்கு அந்நற்பேறு வாய்ப்பதில்லை. பால்மரம் வெட்டிய ஒருவரின் மகள் தன் வாழ்நாளிலேயே அச்சில் தன் பெயரைக் கண்டது அம்மலரின் குழுப்படத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வரியில் மட்டும்தான் என்னும் நிலை அரிதன்று.

இதனை நன்குணர்ந்த அவ்வாசிரியர், பணி ஓய்வுக்குப் பின்னர்ப் பள்ளி பள்ளியாகச் சென்று மலர்களை வாங்கினார். கொடுக்க மனமில்லாதவரிடம் இரவல் பெற்றார். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, கையடக்கமான வன்தட்டு ஒன்றில் நிரப்பினார். மூலங்களைப் பிளாஸ்டிக் உறையிட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கினார். வன்தட்டையும் அவற்றின்மேலேயே வைத்தார். தேட வேண்டாமல் ஓரிடத்தில் இருப்பது நல்லது என்பது அவர் எண்ணம்.

அவருடைய வீடு கிள்ளானை அடுத்த தாமான் ஸ்ரீ மூடாவில். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், விடாது பெய்த மழையால் கிள்ளான் ஆற்றுப் படுகையெங்கும் வெள்ளம் புகுந்தது. அக்குடியிருப்பின் தரைத்தளங்கள் மூழ்கின. மக்கள் மேல்மாடிகளில் காத்திருந்து படகுகளில் வெளியேறினர். நீர் வடிந்தபின் அலமாரியைத் திறந்தபொழுது, மலர்கள் சேறும் கூழுமாகிக் கிடந்தன. வன்தட்டைத் துடைத்து உலர்த்தி எத்தனை கணினிகளில் இணைத்தும் அது வாய் திறக்கவில்லை. எஞ்சியவை பதினொரு மலர்களின் படங்கள். அவையும், பழைய மாணவர் ஒருமுறை ஆவலோடு கேட்டதனால் பென்டிரைவ் ஒன்றில் படியெடுத்துத் தந்தவை.

“ஒன்றுக்கு இரண்டாகத்தானே தம்பி வைத்திருந்தேன்?” என்று அவர் அம்மாணவரிடம் கேட்டாராம்.

“இரண்டையும் ஓரிடத்தில் வைத்தீர்கள், ஐயா. அப்பொழுது அவை ஒன்றுதான்” என்றார் மாணவர்.

ஆசிரியருக்கு அவ்விடை புதியதன்று. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் முத்திரையிட்டுப் பூட்டிவைக்கப்பட்டிருந்தன என்றும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் அதனைத் திறப்பித்தபொழுது பெரும்பகுதியைச் செல்லரித்திருந்தது என்றும் மரபு கூறும் செய்தியை முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தவர் அவர். பூட்டின் வலிமையைக் குறித்து ஐயமில்லை; ஆயினும் பூட்டினுள் இருந்தது ஒரே தொகுதி. 1981ஆம் ஆண்டு மே இறுதியில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் வேறெங்கும் படியில்லாதவையும் சுவடிகளும் இருந்தன. அவ்விழப்பை மறவாத ஈழத்து இளைஞர் சிலர் 2005இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். அதற்கு முன்பே, 1998 பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் உலகெங்கும் பரப்பும் பணியை மேற்கொண்டிருந்தது. படி பல இடங்களில் இருப்பதே காப்பு என்பதை இவ்விரு முயற்சிகளும் செயலில் காட்டின.

அங்ஙனமாயின், பெரிய நிறுவனங்களிடம் மாத வாடகைக்கு இடம் பெற்று அங்கு வைத்துவிடலாமே எனக் கேட்கலாம். வைக்கலாம், பலர்க்கு அதுவே ஏற்ற வழி. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச்சில் ‘எஸ்3’ என்னும் பெயரில் அத்தகைய சேமிப்பை வாடகைக்கு விடத் தொடங்கியது முதல் பெருமளவு தரவு அவ்வழியே சென்று சேர்ந்துள்ளது. எனினும் தமிழ்ச் சங்கங்களின் நடைமுறையை அறிந்தவர்க்கு ஒரு தயக்கம் எழும். வாடகை யாருடைய கடனட்டையில் கழிகிறது? பொருளாளர் மாறியபின் அவ்வட்டை காலாவதியானால் நினைவூட்டுக் கடிதம் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகும்? மூன்று மாதம் யாரும் பார்க்காத கடிதத்தினால் ஐம்பது ஆண்டு மலர்கள் மறையக்கூடும். நன்கொடை ஒரு முறை கிடைக்கும். மாதந்தோறும் கிடைப்பது அரிது. ஆகவே, ஒரு முறை பொருள் செலவிட்டுச் சொந்தமாகவே ஒரு களஞ்சியம் அமைப்பது என இருவரும் துணிந்தனர். சொந்த வீட்டுக்கு வாடகை இல்லை. ஓட்டை ஒழுகினால் தானே ஏற வேண்டும் என்பதை அவர்கள் பின்னர் அறிந்தனர்.

அவர்கள் அமைத்த களஞ்சியத்தைத் தொழில் வல்லார் ‘ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்’ என்பர். பொருட்களஞ்சியம் எனத் தமிழில் சொல்லலாம். வழக்கமான கணினியில் கோப்புறைக்குள் கோப்புறையாகத் திறந்து செல்கிறோமே, அத்தகைய அறைகள் இதில் இல்லை. ‘பக்கெட்’ எனப்படும் ஒரு பெருங்கலத்துள் ஒவ்வொரு பொருளும் தன் முழுப்பெயரோடும், தன்னைப் பற்றிய குறிப்புச் சீட்டோடும் கிடக்கும். பெயரைச் சொன்னால் பொருள் வரும். பொருளின் நடுவே ஒரு வரியை மட்டும் திருத்த இயலாது. திருத்திய பொருளை முழுதாக மீண்டும் இட வேண்டும். நாள்தோறும் மாறும் கணக்கேட்டுக்கு இம்முறை பொருந்தாது. அச்சாகி முடிந்த மலருக்கு இதனினும் பொருத்தமான முறை இல்லை.

பெயரே திறவுகோல் ஆதலின், பெயரிடும் பொறுப்பு ஆசிரியரிடம் வந்தது. ஊர், பள்ளி, ஆண்டு, பக்கம் என்னும் வரிசையில் அவர் பெயர்களை வகுத்தார். ‘கிள்ளான்’ என ஒரு மலரிலும் ‘கிளாங்’ என ஒரு மலரிலும் அச்சாகியிருந்தன. களஞ்சியத்தின் கண்ணுக்கு அவை இரண்டு ஊர்கள். எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவரவே பல நாள் ஆயிற்று. ஒரு பொருளின் பெயர் 1,024 பைட்டுக்கு மேற்படலாகாது என்பது எஸ்3 முறையின் விதி. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். ‘கி’ என்னும் உயிர்மெய்யோ ‘க’வும் இகரக் குறியுமாக இரு குறியீடுகள், ஆறு பைட்டு. இதனைக் கேட்ட ஆசிரியர், கணினிக்கு உயிர்மெய் ஓரெழுத்தன்று என்பதில் சிறிது வருந்தினார். ஆயினும் பெயர்கள் விதிக்குள் அடங்கின.

அவர்கள் தேர்ந்த மென்பொருள் ‘மினியோ’. அது 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தொடங்கிய மூவருள் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி, சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் பயின்றவர். செல்லரித்த ஏடுகளின் கதை வழங்கும் அதே ஊர். மினியோவுக்கு முன்னர் அவர் ‘கிளஸ்டர்’ என்னும் சேமிப்பு மென்பொருளை உருவாக்கியவர்களுள் ஒருவர். அந்நிறுவனத்தை 2011இல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கியது. கிளஸ்டரில் சேமிப்பின் அடிப்படை அலகுக்கு இடப்பட்ட பெயர் ‘பிரிக்’, அதாவது செங்கல். பல கணினிகளின் செங்கற்களை அடுக்கி ஒரு சுவராக்குவது அதன் முறை. பிரிக்பீல்ட்ஸ்வாசியான மாணவர்க்கு இச்செய்தியில் தனி மகிழ்ச்சி.

இனி அப்பெட்டிகள் ஐந்து ஏன் என்பதைக் காண்போம். ஐந்திலும் ஐந்து படிகள் இருப்பதாக ஆசிரியர் முதலில் கருதினார். அவ்வாறன்று. ஒவ்வொரு பொருளும் மூன்று கூறாக்கப்பட்டு மூன்று பெட்டிகளில் வைக்கப்படுகிறது. மற்ற இரண்டில் அம்மூன்றிலிருந்து கணித்த இரண்டு கூறுகள் வைக்கப்படுகின்றன. இதன் பயனை மாணவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஆறாம் வகுப்புக் கணக்கே அதற்குப் போதும்.

மூன்று பெட்டிகளில் 7, 5, 9 என்னும் எண்கள் உள்ளன எனக் கொள்க. நான்காம் பெட்டியில் அவற்றின் கூட்டுத்தொகை 21. ஐந்தாம் பெட்டியில் முதல் எண்ணை ஒரு மடங்கும், இரண்டாவதை இரு மடங்கும், மூன்றாவதை மும்மடங்கும் ஆக்கிக் கூட்டிய தொகை: 7, 10, 27 சேர்ந்து 44. இப்பொழுது இரண்டாம் பெட்டியும் மூன்றாம் பெட்டியும் பழுதாகிவிட்டன. எஞ்சியவை 7, 21, 44. முதல் தொகையில் ஏழைக் கழித்தால் 14. அது காணாமற்போன இரண்டின் கூட்டுத்தொகை. இரண்டாம் தொகையில் ஏழைக் கழித்தால் 37. அதில் முதல் எண் இரு மடங்கும் மற்றது மும்மடங்கும் உள்ளன. 14இன் இரு மடங்காகிய 28ஐ 37இலிருந்து கழித்தால் 9 கிடைக்கும். 14இலிருந்து 9ஐக் கழித்தால் 5. இழந்த இரண்டும் மீண்டன. ஐந்தில் எந்த இரண்டு போனாலும் இவ்வாறே மீட்கலாம். மாணவர்க்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், ஒருங்கமை சமன்பாட்டின் பயன் என்ன என்னும் கேள்வி வகுப்பில் மீண்டும் எழாது.

வெறும் படியெடுத்து இதே காப்பைப் பெற வேண்டுமாயின் மூன்று படிகள் வேண்டும்; ஒன்பது பங்கு இடம் ஆகும். இங்கு ஐந்து பங்கே ஆகிறது. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளியாக வண்ணத்தில், சுருக்காமல் படமெடுத்தால் ஏறத்தாழ 26 மெகாபைட்டு. நூறு பக்க மலர் ஒன்று 2.6 கிகாபைட்டு. மலர்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்பொழுது ஒன்பதுக்கும் ஐந்துக்கும் உள்ள வேறுபாடு ஏழைச் சங்கத்துக்குப் பெரியது. இக்கணிதத்தின் செப்பமான வடிவத்தை இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்னும் இருவர் 1960இல் வெளியிட்டனர். கீறல் விழுந்த இசைக் குறுந்தட்டு தடையின்றிப் பாடியதும் அவர்கள் கணக்கினாலேதான்.

இதனைக் கேட்டபின் ஆசிரியர் சொன்னது எண்ணத் தக்கது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இவ்வாறுதானே என்றார். ஒரு சுவடியில் இல்லாத ஏடு மற்றொரு சுவடியில் இருந்தது. ஒன்றில் சிதைந்த அடி மற்றொன்றில் முழுமையாய் இருந்தது. பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டு அவர் ஒரு நூலை மீட்டார். ஒப்புமை பெரிதும் பொருந்தும். ஆனால், ஐயர் முன்னிருந்த இடர் ஒன்று இங்கு இல்லை. இரு சுவடிகள் இருவேறு பாடம் காட்டினால் எது மூலம் என்பதைப் புலமையால் துணிய வேண்டியிருந்தது. மினியோவோ ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து உடன் வைக்கிறது. வன்தட்டுகள் சில வேளை ஓசையின்றிப் பிழை செய்யும். ஓரெழுத்து தானே மாறிவிடும், தட்டு தன்னை நலமென்றே அறிவிக்கும். படிக்கும்பொழுது எண் பொருந்தாவிடின், அக்கூறு பழுதெனத் தள்ளப்பட்டு, மற்றவற்றிலிருந்து புதிதாக ஆக்கப்படும். ஏடெழுதுவோர் கைப்பிழை நூற்றாண்டுகளாகப் படிக்குப் படி தொடர்ந்ததை அறிந்த தமிழாசிரியர்க்கு இது பொறாமை தரும் வசதி.

இவ்வளவும் அமைப்பின் சிறப்பு. அதனைப் பேணுவது வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னலுக்குப் பேர்போன நிலம். மாலைதோறும் மழை வரும் மாதங்களில் மின்சாரம் ஒரு கணம் அற்று மீளும். மின்கலக் காப்பு ஒன்றை வாங்கும்வரை ஐந்து பெட்டிகளும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. வன்தட்டில் ஒன்று ஓராண்டிலேயே தேய்ந்தது. புதியதை மாட்டி, இழந்த கூறுகள் மீள எழுதப்பட்டு முடியும்வரை மாணவர் உறங்கவில்லை. இரண்டு தாங்கும் சுவரில் ஒன்று போயிற்று. மீட்கும்போது இன்னும் இரண்டு போயினவேல் எஞ்சிய இரண்டில் இருப்பது கூழான மலருக்கு ஒப்பு. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே வகையாக ஐந்து வன்தட்டுகளை வாங்கியதே தவறு என்பதை அன்றுதான் அவர் உணர்ந்தார். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே மூப்படையக்கூடும்.

மற்றொரு நாள் ஒரு பெட்டி மட்டும் பிறவற்றோடு ஒத்துழைக்க மறுத்தது. வன்தட்டில் குறையில்லை, கம்பியிலும் குறையில்லை. உள்ளே நாணயம் அளவான சிறு மின்கலம் தீர்ந்துபோனதால், அப்பெட்டியின் கடிகாரம் பல ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தது. எஸ்3 முறையில் ஒவ்வொரு வேண்டுகோளும் நேரமிட்டுக் கையொப்பமிடப்படும். நேரம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் வேண்டுகோள் தள்ளப்படும். பள்ளி மணி ஒரு கட்டடத்தில் எட்டுக்கும் மறு கட்டடத்தில் ஒன்பதுக்கும் அடித்தால் பள்ளி நடக்குமா என்று ஆசிரியர் கேட்டார். அவர் தலைமையாசிரியராய் இருந்தவர்.

எல்லாவற்றினும் பெரிய இடர் ஆசிரியர் கையாலேயே நேர்ந்தது. பிழையான பெயரோடு ஏறிய சில பக்கங்களை அழிக்க முற்பட்டவர், நான்கு ஆண்டு மலர்களை முழுதும் அழித்துவிட்டார். ஐந்து பெட்டிகளும் ஆணைக்குப் பணிந்து, ஒன்றுபோல் அழித்தன. கணிதம் வன்தட்டின் சாவைத் தடுக்கும். உரியவரின் கட்டளையைத் தடுக்காது. நல்வாய்ப்பாக, பழைய பதிப்புகளைப் பேணும் ஏற்பாட்டை மாணவர் முன்பே செய்திருந்தார். அந்நிலையில் அழித்தல் என்பது பொருளின்மேல் ஒரு மறைப்பை இடுவதே ஆகும். மறைப்பை நீக்கியதும் மலர்கள் வெளிவந்தன. அன்று முதல் அழிக்கும் உரிமையை ஆசிரியர் தாமே வேண்டாமென்று விட்டுக்கொடுத்தார்.

ஐந்து பெட்டிகளும் ஓர் அறையில் இருப்பதனை எண்ணியபொழுது, தாமான் ஸ்ரீ மூடா அலமாரி நினைவுக்கு வந்தது. அறையில் தீப்பிடித்தால் கணிதத்தால் என்ன பயன்? ஆகவே கிள்ளானில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் முழுப்படி ஒன்று வைக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஏறும் ஒவ்வொரு பொருளும் இரவில் அங்குச் சென்று சேரும். இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவு. தீ ஒன்று இரு வீட்டையும் எரிக்காது. சில மாதம் மனநிறைவோடு இருந்தனர். பின்னர், நிலப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர், கோலாலம்பூரின் நடுவே ஓடும் ஆறும் கிள்ளானில் கடலை நோக்கிச் செல்லும் ஆறும் ஒன்றே எனச் சுட்டினார். 2021இல் கோலாலம்பூரும் ஷா ஆலமும் கிள்ளானும் ஒரே மழையில் நனைந்தன அல்லவா? மூன்றாம் படி ஈப்போவில் ஒரு பழைய மாணவி வீட்டுக்குச் சென்றது. கிந்தா ஆறு வேறு.

தீக்கும் நீருக்கும் அணை கட்டியபின், எதிர்பாராத் திசையிலிருந்து ஒன்று வந்தது. மினியோ எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தந்த திறந்த மென்பொருள். 2021இல் அதன் உரிம விதிகள் கடுமையாயின. 2025ஆம் ஆண்டின் நடுவில், கட்டணமில்லாப் பதிப்பின் நிருவாகத் திரையிலிருந்து பல வசதிகள் நீக்கப்பட்டன. அக்டோபரில், ஆயத்தமாகப் பெற்று நிறுவத்தக்க கோப்புகளை வெளியிடுவது நின்றது. டிசம்பரில், அப்பதிப்பில் இனிப் புதிய வசதிகள் சேரா என்னும் அறிவிப்பு வந்தது. நிறுவனத்தைக் குறை கூறுவதற்கில்லை. பல்லாண்டு இலவசமாகத் தந்தவர்கள் அவர்கள், அவர்களுக்கும் ஊதியம் கொடுக்க வேண்டிய ஊழியர் உண்டு. ஆனால் சொந்த வீடு என எண்ணியிருந்தது, சுவர் மட்டுமே சொந்தம் என்றாயிற்று.

மலர்கள் அழியவில்லை, பெட்டிகளும் ஓடுகின்றன. எஸ்3 என்னும் பேச்சுமுறை பல மென்பொருள்களுக்கும் பொதுவானதால், ஒரு களஞ்சியத்திலிருந்து மற்றொன்றுக்குப் பொருள்களைப் பெயர் மாறாமல் எடுத்துச் செல்லலாம். எங்கே செல்வது என்பதே இப்பொழுது வினா. ‘செஃப்’ என்பது பெரிய நிறுவனங்கள் நம்பும் மென்பொருள். சிற்றறைப் பெட்டிகளுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது போலாகும். பிரான்சில் ஒரு தன்னார்வக் குழுவினர் எழுதிய ‘கராஜ்’ என்பது, ஊர் ஊராகப் பிரிந்திருக்கும் சிறு கணினிகளுக்கென்றே அமைந்தது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், ஈப்போ என்னும் மூன்றிடத்துக்கும் அது ஏற்கும். ஆனால் அது ஐந்து பெட்டிக் கணிதத்தை மேற்கொள்வதில்லை, முழுப்படிகளையே வைக்கும், இடம் மிகுதியாக வேண்டும். ‘சீவீட்’ என்று மற்றொன்றும் உண்டு. மாணவர் மூன்றையும் பழைய பெட்டியொன்றில் நிறுவிச் சோதித்து வருகிறார். ஆசிரியர்க்குக் கணிதத்தை விட மனமில்லை.

இதற்கிடையில் மாணவர் ஒரு குறிப்பேடு எழுதி வருகிறார். எந்தப் பெட்டி எது, எந்த வன்தட்டு எந்நாளில் வாங்கியது, ஒன்று நின்றால் முதலில் பார்க்க வேண்டியது என்ன, ஈப்போப் படியிலிருந்து மீட்பது எவ்வாறு என்பனவெல்லாம் தமிழில், கையால் எழுதப்பட்டுள்ளன. தாம் வேலை நிமித்தம் அயலூர் சென்றாலோ தமக்கு ஏதேனும் நேர்ந்தாலோ, மலர்களைத் தேடி வருபவர் கணினிப் பொறியாளராய் இருக்க மாட்டார், ஓர் ஆசிரியராய் இருக்கக்கூடும் என்பது அவர் கூறும் காரணம். மறைச்சொற்கள் ஏட்டில் இல்லை. அவை இரு உறைகளில், இருவர் வீட்டில், ஆளுக்குப் பாதியாக உள்ளன. ஏட்டுக்குப் படி எடுத்தாயிற்றா என ஆசிரியர் அடிக்கடி கேட்கிறார்.

மாதத்தின் முதற் சனிக்கிழமை ஆசிரியர் கிள்ளானிலிருந்து இரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் வருவார். தேநீர் அருந்தியபின் ஐந்து பெட்டிகளுள் எவையேனும் இரண்டை அவர் சுட்ட வேண்டும். சுட்டியவற்றின் கம்பியை மாணவர் பிடுங்கிவிடுவார். பின்னர் ஒரு மலரைத் திறந்து பார்ப்பர். அண்மையில் அவர் இரண்டாவதையும் ஐந்தாவதையும் சுட்டினார். எஞ்சிய மூன்றிலிருந்து 1974ஆம் ஆண்டு மலர் ஒன்று, சற்றே தாமதித்து, பக்கம் பக்கமாய்த் திரையில் விரிந்தது. குழுப்படத்தின் கீழ் இருந்த பெயர்களை ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். குறிப்புச் சீட்டில் ஒரு மாணவியின் பெயரில் ழகரம் வர வேண்டிய இடத்தில் லகரம் ஏறியிருந்தது.

“இதைத் திருத்த வேண்டும், தம்பி.”

“முதலில் கம்பியை மாட்டிவிடுகிறேன், ஐயா” என்று மாணவர் எழுந்தார்.